மரத்தின் மாவுக் கையிருப்பு: கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு மாந்தோப்பு இருக்கிறது. பெங்களூரா அதிகம், கொஞ்சம் செந்தூரா, நீலம், வரப்போரம் நாலு புளியமரம், கிணற்றடியில் தென்னை. நான் பல வருஷம் பள்ளியில் தாவரவியல் எடுத்தவன். அதனால் தோப்பு வைத்திருக்கிற சொந்தக்காரர்களும் பக்கத்து ஊர்க்காரர்களும் மரத்தைப் பற்றி ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். கவாத்து (கொப்பு கழிப்பது), காய்ப்பு, மருந்து, மரம் காய்ந்துபோவது என்று எதைக் கேட்டாலும் பாதிக் கேள்விக்குப் பதில் ஒரே இடத்தில்தான் போய் நிற்கிறது: மரம் தனக்குள் சேர்த்து வைத்திருக்கிற மாவுச்சத்து. அது வெளியே தெரியாததால் நாம் கணக்கில் எடுப்பதே இல்லை. அப்படிக் கேட்டவற்றையும் நான் சொன்னவற்றையும் கீழே எழுதியிருக்கிறேன்.

நம் ஊரில்தான் வருஷம் முழுக்க வெயில் இருக்கிறதே, மரத்துக்கு எதற்குச் சேமிப்பு?

வெயில் இருந்தால் மட்டும் இலை சர்க்கரை செய்துவிடாது. தண்ணீரும் வேண்டும், இலையும் இருக்க வேண்டும். மாசி பங்குனியில் வேம்பும் புங்கனும் இலையை உதிர்த்துவிட்டு நிற்கும்போது அவற்றிடம் சர்க்கரை செய்கிற ஆலையே கிடையாது. ஆனாலும் வேர் உயிரோடு இருக்க வேண்டும், பட்டைக்குள் இருக்கும் செல்கள் மூச்சு விட வேண்டும், அப்புறம் ஒரு சொட்டு மழை இல்லாத அந்த வெயிலிலேயே புதுத் தளிரும் பூவும் வர வேண்டும். யுகாதிப் பச்சடிக்கு நாம் பறிக்கிற வேப்பம்பூ அப்படி வந்ததுதான். போன மழைக்காலத்தில் செய்து வைத்த சர்க்கரைக்கு அதில் பெரும் பங்கு உண்டு.

இது தவிர ராத்திரிச் செலவு தினமும் இருக்கிறது. பகலில் இலை செய்கிற சர்க்கரையில் ஒரு பகுதியை இலையிலேயே மாவாக ஒதுக்கி வைத்து, இருட்டின பிறகு அதைக் கரைத்து மற்ற இடங்களுக்கு அனுப்புகிறது. இது ஒருநாள் கணக்கு. நான் இங்கே பேசுவது வருஷக் கணக்கு.

எங்கே சேர்த்து வைக்கிறது? கண்ணால் பார்க்க முடியுமா?

முடியும், மருந்துக்கடையில் வாங்குகிற பெட்டாடைன் போதும். அதில் அயோடின் இருக்கிறது, மாவு மேல் பட்டால் கருநீலமாக மாறும். பள்ளியில் உருளைக்கிழங்கு மேல் விட்டுப் பார்த்திருப்பீர்களே, அதே சோதனைதான்.

மார்கழியில், பூ வருவதற்கு முன்னால், சுண்டுவிரல் கனத்தில் ஒரு மாங்கொப்பை வெட்டி, கூரான கத்தியால் ரூபாய் நாணயம் போல மெல்லிசாக ஒரு வில்லை சீவினேன். வெள்ளைத் தட்டில் வைத்து இரண்டு சொட்டு விட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்து, தண்ணீரில் அலசிவிட்டுக் கண்ணாடி வில்லையால் பார்த்தால், நடுவிலிருந்து விளிம்பு வரைக்கும் மெல்லிய கருங்கோடுகள், கட்டைவண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி. அவைதான் கதிர்த் திசு. மரத்தில் தண்ணீர் போகிற குழாய்கள் உயிரில்லாதவை. அவற்றுக்கு நடுவே ஓடுகிற இந்தக் கோடுகளில் இருப்பவை உயிருள்ள செல்கள், இவற்றுக்குப் பாரன்கைமா என்று பெயர். மாவு மணிமணியாக அடைந்து கிடப்பது இவற்றுக்குள்தான். அதே மரத்தில், காய் பெருத்துத் தொங்கிக்கொண்டிருந்த வைகாசியில் அதே கனத்துக் கொப்பை வெட்டிப் பார்த்தேன். ஆரக்கால் இருந்த இடத்தில் அங்கங்கே ஒரு மங்கல் நிறம், அவ்வளவுதான். பார்த்த அன்றைக்கு எனக்கு மனசு கொஞ்சம் கனத்துப் போனது, ஏனென்றால் அதே வாரம்தான் அந்த மரத்தில் காய்ப் பாரம் நன்றாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

கொப்பில் மட்டும் இல்லை. அடிமரத்தின் வெளிப்பக்கம், பட்டையின் உள்பக்கம், வேர் என்று எல்லா இடத்திலும் உண்டு, பெரும்பாலான மரங்களில் வேரில் மாவு செறிவாக இருக்கும். வைரம் என்று சொல்கிற நடுக்கட்டையில் மட்டும் கிடையாது. வைரம் பாய்ந்த பகுதியில் உயிருள்ள செல் இல்லை, அதனால் சேமிப்பும் இல்லை.

மாவு, சர்க்கரை என்று ஏன் இரண்டு?

சர்க்கரை தண்ணீரில் கரையும், அதனால் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு எடுத்துப் போகலாம். செல்லுக்குள் தண்ணீரைப் பிடித்து வைக்கவும் அது வேண்டும். மாவு கரையாது, ஒரு மூலையில் கொட்டி வைக்கலாம். மரம் தேவைக்குத் தக்கபடி ஒன்றை இன்னொன்றாக மாற்றிக்கொள்ளும். செலவுக்குக் கையில் சர்க்கரை, குதிரில் (தானியம் கொட்டி வைக்கிற கலத்தில்) மாவு என்று வைத்துக்கொள்ளுங்கள். பொதுவாக மரங்கள் மாவைத் துடைத்துச் செலவழித்தாலும் சர்க்கரையை ஓர் அளவுக்குக் கீழே இறங்க விடுவதில்லை.

மொத்தம் எவ்வளவு இருக்கும்?

2016-இல் உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு கட்டுரை, 170-க்கும் மேற்பட்ட தாவர இனங்களை எடுத்துக்கொண்டது. காய்ந்த எடையில் சராசரியாகப் பத்தில் ஒரு பங்கு இப்படிச் சேமித்த மாவும் சர்க்கரையும்தான் என்று அதில் வந்தது. வருஷத்தில் மிகக் குறைந்து போகிற நேரத்திலும்கூட, உச்சத்தில் இருந்ததில் கிட்டத்தட்டப் பாதி மிச்சமிருக்கும். அதாவது நல்ல நிலையில் இருக்கிற மரம் குதிரில் இருப்பதை முழுசாகக் காலி செய்வதில்லை.

நம் மாவட்டங்களில் இந்தச் சேமிப்பு எந்த மாதம் ஏறும், எந்த மாதம் இறங்கும்?

இதைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

நமக்கு வருஷத்துக்குச் சுமார் 850 மில்லிமீட்டர் மழை. தென்மேற்குப் பருவமழையும் கொஞ்சம் கிடைக்கும், வடகிழக்கும் கொஞ்சம் கிடைக்கும், செப்டம்பர் அக்டோபரில்தான் நல்ல மழை. ஆவணி, புரட்டாசி, ஐப்பசியில் மரம் இலை விட்டு, கொப்பு நீட்டி, வேர் ஓட்டி வளர்கிறது. அப்போது வரவும் அதிகம், செலவும் அதிகம். கார்த்திகை பாதிக்கு மேல் மழை ஓய்கிறது, ராத்திரி குளிர ஆரம்பிக்கிறது. வளர்ச்சி நின்றுவிடுகிறது. ஆனால் இலை பச்சையாகவே இருக்கிறது, மண்ணில் ஈரமும் கொஞ்சம் இருக்கிறது, பகலில் நல்ல வெயில். வரவு வருகிறது, செலவு இல்லை. குதிர் நிரம்புவது இந்த ஒன்றரை இரண்டு மாதத்தில்தான்.

தை மாசியில் மாமரம் பூக்கிறது. பங்குனி சித்திரையில் காய் பெருக்கிறது, கத்திரி வெயில் முடிவதற்குள் சேமிப்பில் கணிசமான பங்கு காய்க்குப் போய்விடும். ஆனி ஆடியில் காய் இறக்கி முடிக்கும்போது மரம் வருஷத்திலேயே இளைத்த நிலையில் நிற்கும்.

காட்டு மரங்களின் கணக்கு இன்னும் கறாரானது. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் மாசியில் போனால் காடே மொட்டையாக இருக்கும், வெக்காலி, உசில் எல்லாம் வெறுங்குச்சியாக. நடுவில் புரசு மட்டும் ஓர் இலைகூட இல்லாமல் கொப்பு முழுக்கச் செம்பூ பூத்து நிற்கும். அந்தப் பூவுக்கு அன்றைக்குச் சர்க்கரை கொடுக்க இலை ஏது? சேமிப்பிலிருந்துதான் போக வேண்டும்.

தண்ணீர் குறைந்தால் சேமிப்பும் குறையத்தானே வேண்டும்?

ஆரம்பத்தில் நேர்மாறாக நடக்கும். லேசாகத் தண்ணீர் குறையும்போது முதலில் நிற்பது வளர்ச்சி. ஒரு செல் உப்பிப் பெரிசாக உள்ளே தண்ணீர் அழுத்தம் வேண்டும், அது இல்லை. ஆனால் இலை சர்க்கரை செய்வது அவ்வளவு சீக்கிரம் நிற்பதில்லை. செய்கிற சர்க்கரைக்குச் செலவு இல்லாததால் மாவு ஏறுகிறது. பனாமா நாட்டில் இலையுதிர்க்கிற மரங்கள் கலந்த ஒரு காட்டில் அளந்து பார்த்தபோதும், வறண்ட பருவத்தில்தான் மரங்களில் சேமிப்பு கூடியிருந்தது.

மாமரத்துக்குக் கார்த்திகை மார்கழியில் தண்ணீர் கட்டாதே என்று பெரியவர்கள் சொன்னதும் இதனால்தான். அந்த நேரத்தில் தண்ணீர் விட்டாலோ, மார்கழியில் காலம் தப்பி மழை கொட்டினாலோ, பூ வர வேண்டிய நுனியில் சிவப்புத் தளிர் வந்துவிடும். பூவுக்கு என்று இருந்த மாவு தளிருக்குப் போய்விடும்.

வறட்சி நீண்டுகொண்டே போனால் இலைத்துளைகள் மூடிவிடும், வரவு நின்றுபோகும். அதற்குப் பிறகு சேமிப்பு இறங்குவதுதான்.

மரவள்ளிக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

நேரடியான சம்பந்தம். குச்சிக்கிழங்கு என்று நாம் சொல்கிற மரவள்ளி ஒரு சிறு மரச்செடி, தன் சேமிப்பை வேரில் வைக்கிறது, அதைத்தான் நாம் தோண்டி ஜவ்வரிசி ஆலைக்குக் கொண்டுபோகிறோம். ஆலையில் பாயிண்ட் பார்த்து விலை போடுகிறார்களே, அது கிழங்கில் இருக்கிற மாவின் அளவு. கிழங்கைத் தண்ணீருக்குள் எடை போட்டுப் பார்க்கிற முறையில் அதைக் கண்டுபிடிப்பார்கள்.

அரூர் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டார்: "அண்ணா, வெயில்ல பாயிண்ட் நல்லா இருந்துச்சு, ஒரு மழை பேஞ்சு பதினஞ்சு நாள் கழிச்சுப் புடுங்கினா இறங்கிப்போச்சு. ஆலைக்காரங்க ஏமாத்துறாங்களா?" அந்த இறக்கத்துக்குச் செடியே காரணமாக இருக்கும். வறட்சியில் மரவள்ளி இலையைக் கொட்டிவிட்டுச் சும்மா இருக்கும். மழை வந்ததும் புது இலை விடும், அந்த இலைக்கு முதலீடு கிழங்கில் இருக்கிற மாவு. இலை விரிந்து சம்பாதிக்க ஆரம்பித்து, எடுத்ததைத் திருப்பிப் போட வாரக்கணக்கில் ஆகும். மழைக்கு முன்னாலேயே பிடுங்க வேண்டும், இல்லையென்றால் இலை முற்றும் வரை பொறுக்க வேண்டும். நடுவில் பிடுங்கினால் நஷ்டம் நமக்குத்தான். மாமரத்திலும் புளியிலும் இதேதான் நடக்கிறது, அங்கே பாயிண்ட் பார்க்க ஆள் இல்லை என்பதால் நமக்குத் தெரிவதில்லை.

பனி பெய்கிற நாடுகளில் மரம் என்ன செய்யும்?

அங்கே குதிர் நிரம்புவது இலை உதிர்வதற்கு முன்னால், செப்டம்பர் அக்டோபரில். அப்புறம் குளிர் ஏற ஏற மாவைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்ளும். சர்க்கரை கரைந்த நீர் சீக்கிரம் உறையாது, செல்லின் மெல்லிய சவ்வையும் அது காப்பாற்றும். உருளைக்கிழங்கைப் பிரிட்ஜில் ரொம்ப நாள் வைத்தால் இனிக்குமே, அதுவும் குளிருக்கு மாவு சர்க்கரையாவதுதான். பைன் போன்ற சில மரங்கள் மாவோடு கொழுப்பாகவும் சேர்த்து வைக்கும்.

இதில் காசு பார்ப்பவர்கள் கனடாக்காரர்கள். அங்கே மேப்பிள் என்று ஒரு மரம், குளிர்காலம் முடிகிற நேரத்தில், ராத்திரி உறைந்து பகலில் இளகுகிற நாட்களில், அடிமரத்தில் ஓட்டை போட்டால் லேசான இனிப்புள்ள நீர் வடியும். அதில் சர்க்கரை சுமார் 2 சதவீதம்தான். 40 லிட்டர் காய்ச்சினால் 1 லிட்டர் பாகு கிடைக்கும். உலகத்து மேப்பிள் பாகில் பெரும்பகுதி கியூபெக் மாகாணத்தில் இருந்து வருகிறது. போன கோடையில் இலை செய்த சர்க்கரை மாவாகக் கிடந்து, குளிரில் திரும்பச் சர்க்கரையாகி வடிகிறது.

உயரமான மலைகளில், மரம் முளைக்கிற கடைசி எல்லையில், சேமிப்பு காலியாகித்தான் மரம் குட்டையாக நிற்கிறது என்று பலர் நினைப்பார்கள். அளந்து பார்த்தால் அங்கே மாவு நிறையவே இருக்கிறது. சுமார் 5 டிகிரிக்குக் கீழே போனால் புதுச் செல் உண்டாவது கிட்டத்தட்ட நின்றுவிடும், ஆனால் இலை வேலை செய்யும். செலவழிக்க வழியில்லாமல் சேர்ந்து கிடக்கிறது. அதனால் ஒரு மரத்தில் மாவு அதிகம் என்றால் அது செழிப்பாக இருக்கிறது என்று உடனே முடிவு கட்டக் கூடாது.

எப்போதும் மழை பெய்கிற காடுகளில்?

ஏற்ற இறக்கம் குறைவு. இலை எப்போதும் இருக்கிறது, வரவும் எப்போதும் வருகிறது. ஆனாலும் சேமிப்பு இல்லாமல் இல்லை. வெப்பமண்டல மரங்களில் கட்டையின் கனத்தில் சராசரியாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நான் மேலே சொன்ன உயிருள்ள செல்கள்தான், குளிர் நாட்டு மரங்களில் அது ஐந்தில் ஒரு பங்கு. போர்னியோ தீவின் மலேசியப் பகுதியில் மரக்கன்றுகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள், 2014-இல் வெளியானது. சேமிப்பு அதிகமாக இருந்த கன்றுகள் தண்ணீர் இல்லாமல் அதிக நாள் உயிரோடு இருந்தன. நாற்றங்காலில் நிழலிலேயே நெடுநெடு என்று வளர்ந்த கன்றை வாங்கிவந்து நட்டால் ஏன் பொசுக்கென்று போய்விடுகிறது என்பதற்கு இதிலும் ஒரு காரணம் இருக்கிறது. உயரம் பார்த்து வாங்காதீர்கள், தண்டின் கனம் பாருங்கள்.

மா ஒரு வருஷம் காய்த்தால் மறு வருஷம் ஏன் ஓய்ந்துவிடுகிறது?

காய்ப்பு வருஷத்தில் சேமிப்பு காய்க்குப் போய்விடுகிறது. காய் இறக்கின பிறகு வருகிற தளிர் தாமதமாகவும் குறைவாகவும் வரும். அடுத்த தையில் பூக்க வேண்டிய நுனிகள் அதற்குள் முற்றியிருக்காது, மாவும் சேர்ந்திருக்காது. காயிலிருக்கிற கொட்டை அனுப்புகிற ஹார்மோன்களுக்கும் இதில் பங்கு உண்டு, மாவு மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ரகத்துக்கு ரகம் வித்தியாசமும் இருக்கிறது. நீலமும் பெங்களூராவும் ஓரளவு வருஷா வருஷம் காய்க்கும், அல்போன்சா, மல்கோவா விட்டுவிட்டுத்தான். புளியும் அப்படித்தான்.

கல்டார் ஊற்றினால் வருஷா வருஷம் காய்க்கும் என்கிறார்களே?

கல்டார் என்று நாம் சொல்கிற மருந்தில் இருப்பது பேக்லோபியூட்ரசால். கொப்பை நீள வைக்கிற ஜிப்ரலின் என்ற ஹார்மோனை மரம் செய்யவிடாமல் அது தடுக்கும். கொப்பு நீளாது, மாவு செலவாகாது, பூ வரும். அளவோடு, நல்ல வயசில் செழிப்பாக இருக்கிற மரத்துக்கு, எருவும் தண்ணீரும் கொடுத்துக்கொண்டு ஊற்றினால் பலன் உண்டு.

என் கோபமெல்லாம் குத்தகைக்கு எடுத்தவர் அளவில்லாமல் ஊற்றுவதில்தான். எங்கள் தோப்பின் ஒரு பகுதியை இரண்டு வருஷம் குத்தகைக்கு விட்டிருந்தோம். இரண்டு வருஷமும் மரம் கொள்ளாத காய். திருப்பி வாங்கும்போது கணுக்கள் நெருக்கமாகி, நுனி ஒரே கொத்தாகச் சுருங்கி, இலை சிறுத்துப் போயிருந்தது. அந்த மருந்து மண்ணிலும் சீக்கிரம் போகாது. மூன்று வருஷம் எருவும் கவாத்துமாகப் பார்த்த பிறகுதான் மரங்கள் பழைய மாதிரி தளிர் விட்டன. மருந்து மாவை உண்டாக்குவதில்லை, இருக்கிறதைப் பூவின் பக்கம் திருப்பிவிடுகிறது. குத்தகைப் பேச்சிலேயே இந்த மருந்தைப் பற்றி எழுதி வாங்கிவிடுங்கள்.

ஆட்டுக்குத் தழை எப்போது வெட்டலாம்?

ஆச்சா, உசில், வேம்பு எதுவானாலும், புதுத் தளிர் விரிந்துகொண்டிருக்கிற நேரத்தில் மட்டும் வெட்டாதீர்கள். அந்தத் தளிருக்காக மரம் சேமிப்பைக் கொட்டியிருக்கும், இன்னும் ஒன்றும் திரும்ப வந்திருக்காது. வெட்டினால் மறுபடி ஒரு தளிர் விட வேண்டும், மறுபடி செலவு. இலை முற்றி இரண்டு மூன்று மாதம் ஆன பிறகு வெட்டினால் மரம் தாங்கும். எல்லாக் கொப்பையும் ஒரே நாளில் மொட்டையடிக்காமல் பாதியாவது விட்டு வையுங்கள்.

சீமைக்கருவேலம் வெட்ட வெட்ட வருகிறதே?

மேலே சொன்னதையே திருப்பிப் போடுங்கள். காய்ந்த காலத்தில், வேரில் மாவு நிறைந்திருக்கும்போது வெட்டினால் அது சந்தோஷமாகத் துளிர்க்கும். புதுத்தளிர் முழுசாக விரிந்த சமயத்தில், வேர்ச் சேமிப்பு அடிமட்டத்தில் இருக்கும்போது வெட்டி, மறுபடி துளிர்த்ததையும் அதே பருவத்தில் வெட்டினால் இளைத்துக்கொண்டே வரும். ஆனாலும் மண்ணுக்குக் கொஞ்சம் கீழே இருக்கிற கழுத்துப் பகுதியில்தான் அதன் மொட்டுகள் இருக்கின்றன. அந்தக் கட்டையைத் தோண்டி எடுக்காமல் முழுசாக ஒழியாது. தைலமரம் வெட்டின அடிக்கட்டையில் திரும்ப வளர்ந்து இரண்டாம் வெட்டு, மூன்றாம் வெட்டுக் கொடுப்பதும் வேரிலும் அடிக்கட்டையிலும் இருக்கிற மாவை வைத்துத்தான்.

எத்தனை வருஷம் பழைய மாவை மரம் எடுத்துச் செலவழிக்கும்?

இதைக் கண்டுபிடித்த விதம் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் திறந்தவெளியில் அணுகுண்டு வெடித்துப் பார்த்ததில் காற்றில் கார்பன் 14 என்கிற கதிரியக்கக் கார்பன் ஏறிவிட்டது. அப்படி வெடிப்பதைத் தடை செய்த 1963 ஒப்பந்தத்துக்குப் பிறகு அது வருஷா வருஷம் இறங்கிக்கொண்டு வந்தது. அதனால் ஒரு சர்க்கரையில் கார்பன் 14 எவ்வளவு என்று அளந்தால் அது எந்த வருஷத்துக் காற்றில் செய்தது என்று சொல்லிவிடலாம். அமெரிக்காவின் வடகிழக்கில் செம்மேப்பிள் மரங்களை வெட்டி, அடிக்கட்டையில் வந்த துளிரை இப்படி அளந்து பார்த்தார்கள். அதில் 17 வருஷம் வரை பழைய கார்பன் இருந்தது. சாதாரண வருஷத்தில் மரம் புதிதாகச் சேர்த்ததைத்தான் முதலில் எடுக்கும். நெருக்கடி வந்தால் ஆழத்தில் கிடப்பதையும் தோண்டி எடுக்கும்.

பட்டையைச் சுற்றி உரித்த மரம் ஏன் உடனே சாகாமல் இழுத்துக்கொண்டிருக்கிறது?

இலையிலிருந்து வேருக்குச் சர்க்கரை போகிற பாதை பட்டையின் உள்பக்கத்தில் இருக்கிறது. சுற்றி உரித்தால் வேருக்கு வரவு நின்றுவிடும், ஆனால் தண்ணீர் உள்ளே இருக்கிற கட்டை வழியாக ஏறிக்கொண்டே இருக்கும். வேர் தன் கையிருப்பைத் தின்று தீர்க்கும் வரை மேலே இலை பச்சையாகவே இருக்கும். யானை பட்டை உரித்த மரங்களைக் காட்டில் பாருங்கள், ஒரு பக்கம் கையகலப் பட்டை மிச்சமிருந்தால்கூட அதன் வழியாகச் சர்க்கரை இறங்கி மரம் பிழைத்துவிடும்.

2016 வறட்சியில் செத்த மரங்கள் பட்டினியில் செத்தனவா, தாகத்தில் செத்தனவா?

அந்த வருஷம் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது, 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. எங்கள் கிணற்றடித் தென்னை ஏழில் நாலு போனது. மாமரத்தில் ஆறு ஒரு பக்கமாகக் காய்ந்தது.

உலகம் முழுக்க வறட்சியில் செத்த மரங்களை ஆராய்ந்தவர்கள் சொல்வது, தண்ணீர்க் குழாய்களுக்குள் காற்று புகுந்து அடைத்துக்கொள்வது எல்லா மரங்களிலும் நடந்திருக்கிறது, சேமிப்பு தீர்ந்துபோவது சிலவற்றில்தான் நடந்திருக்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று உதவியும் செய்யும். சர்க்கரை குறைந்த செல் தண்ணீரைப் பிடித்து வைக்க முடியாது. ராத்திரியும் வெக்கையாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் 10 டிகிரி கூடினால் மரம் மூச்சு விடுவதில் எரிக்கிற சர்க்கரை ஏறத்தாழ இரண்டு மடங்காகும்.

தென்னையில் இன்னொரு சங்கடம். அது சேமிப்பைப் பெரும்பாலும் மாவாக வைக்காமல் சர்க்கரையாகவே அடிமரத்தில் வைத்திருக்கும், ஆனால் துளிர்க்க அதற்கு உச்சியில் ஒரே ஒரு குருத்துதான். குருத்து போனால், மரத்துக்குள் எவ்வளவு சர்க்கரை இருந்தாலும் எடுத்துச் செலவழிக்க ஆள் இல்லை. காய்ந்த ஆறு மாமரத்தில் நாலு, காய்ந்த பக்கத்தை வெட்டிவிட்ட பிறகு அடியில் இருந்து துளிர்த்துக்கொண்டது.

மரத்தை, மூங்கிலைத் தேய்பிறையில் வெட்டினால் உளுக்காது என்பது நிஜமா?

பிறையை விடப் பருவத்தைப் பாருங்கள். கட்டையைத் துளைத்து மாவு மாவாகக் கொட்ட வைக்கிற வண்டு வருவது உள்ளே இருக்கிற மாவுச்சத்துக்காக. ஆசாரி "வெள்ளையை எடுத்துட்டு வைரத்தை மட்டும் போடுங்க" என்று சொல்வார், வெளிப்புற வெள்ளைக் கட்டையில்தான் மாவு இருக்கும், வண்டு அங்கேதான் துளைக்கும். மூங்கிலில் கோடையில், மழைக்குப் புதுக் குருத்து விடுவதற்கு முன்னால், மாவு உச்சத்தில் இருக்கும். குருத்து விட்டு முடித்து மழை ஓய்ந்த பிறகு குறைந்திருக்கும். ஐப்பசிக்கு மேல் மாசிக்குள் வெட்டுவதே நல்லது. வெட்டின மூங்கிலைச் சில வாரம் ஓடையிலோ குட்டையிலோ ஊறப்போடுகிற பழைய வழக்கம் ரொம்பச் சரியானது, கரைகிற சர்க்கரை எல்லாம் வெளியே போய்விடும்.

பூக்கிற நேரத்தில் மாவிலை மேல் தேன் மாதிரிப் பிசுபிசுப்பு வருகிறதே, அது என்ன?

தத்துப்பூச்சி. பூங்கொத்திலும் தளிரிலும் ஊசி போலக் குத்திச் சாற்றை உறிஞ்சி, மிஞ்சின சர்க்கரையைக் கழிக்கிறது. அது கீழே இலையில் படிந்து, அதன் மேல் கரும்பூஞ்சாணம் வளர்கிறது. இலையை விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் இனிக்கும் (மருந்து அடித்த தோப்பில் இதைச் செய்யாதீர்கள்). மரம் கார்த்திகை மார்கழியில் சேர்த்ததைப் பூச்சி நேராகக் குழாயிலிருந்தே குடிக்கிறது. கொப்புகள் நெருக்கமாக, காற்று வெளிச்சம் போகாமல் இருக்கிற தோப்பில்தான் இது அதிகம்.

இந்த வருஷம் நல்ல காய்ப்பு. காய் இறக்கியாயிற்று, இப்போது என்ன செய்ய வேண்டும்?

தோப்பைப் பூட்டிவிட்டுப் போய்விடாதீர்கள். வருஷத்தில் மரத்துக்கு நம் கை வேண்டிய நேரம் இதுதான். காய்ந்த கொப்பு, உள்ளுக்குள் நெருக்கிக்கொண்டிருக்கிற கொப்பு, புல்லுருவி எல்லாவற்றையும் ஆடிக்குள் கழித்துவிடுங்கள். கனமான கொப்பை வெட்டாதீர்கள், அதற்குள்ளும் சேமிப்பு இருக்கிறது. முதல் நல்ல மழையோடு தொழு உரமும் மற்ற உரமும் கொடுத்துவிட்டால் ஆவணிக்குள் தளிர் வந்துவிடும். அந்தத் தளிர் சீக்கிரம் வந்தால்தான் கார்த்திகைக்குள் முற்றும். புரட்டாசிக்கு மேல் கவாத்து வேண்டாம், அது காலம் தப்பித் தளிரைக் கிளப்பிவிடும். மழை இல்லையென்றால் இந்த இரண்டு மாதம் மட்டுமாவது வாரம் ஒரு தண்ணீர் காட்டுங்கள், ஐப்பசி முடிந்ததும் நிறுத்திவிடுங்கள். மார்கழியில் ஒரு கொப்பை வெட்டி இரண்டு சொட்டு பெட்டாடைன் விட்டுப் பாருங்கள், ஆரக்கால்கள் கறுத்திருந்தால் தையில் பூவுக்கு வேண்டியது உள்ளே இருக்கிறது.